வேலிக்குக் கீழே ஓடும் தண்ணீர்

போர் போடும் லாரி வைத்திருப்பவனுக்கு அந்த வட்டாரத்தில் "ஆழம்" என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை வங்கிக்குப் போனால்தான் அவனே எழுதுவான். துளை போடப் போட வெறும் தூசியாகப் பறந்து, நிலத்துக்காரரின் முகம் தொங்கிப்போகிற நேரத்தில், "இன்னும் கொஞ்சம் ஆழம் போனா வந்துரும்ணே" என்பான். சில இடங்களில் வந்தது. பல இடங்களில் வரவில்லை. ஆனால் அவன் சொல்கிற விதத்தில் ஒரு தெம்பு இருக்கும். அதற்காகவே மற்ற லாரிக்காரர்களை விட்டுவிட்டு இவனைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு.

சில வருஷங்களாக மழை ஏய்த்துக்கொண்டே இருந்தது. கிணறுகள் எப்போதோ குப்பைக் குழிகளாகிவிட்டன. போர்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீருக்குப் பதில் காற்றைத் துப்ப ஆரம்பித்தன. ஊரே வாடிக் கிடக்க, ஆழத்துக்கு மட்டும் வேலைக்குக் குறைச்சலில்லை. அதை நினைத்தால் அவனுக்கே ஒரு மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டில் காய்ச்சல் வந்தால் மருந்துக்கடைக்காரனுக்கு இப்படித்தான் இருக்குமோ என்று கூடப் பணிபுரிகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

ஒரு நாள் காலையில் டெய்லர் போன் செய்தார். கடைவீதியில் வெகுகாலம் தையல் கடை வைத்திருந்தவர். ஊசியில் நூல் கோக்கக் கண் ஒத்துழைக்க மறுத்ததும், கடையைக் கொடுத்துவிட்டு ஒரு துண்டு நிலம் வாங்கிக் காய்கறி போட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, நம்ம நிலத்துல ஒரு போர் போடணும். இருக்கிற போர்ல மோட்டாரைப் போட்டா ரெண்டு தடவை இருமுது, அப்புறம் கம்முனு ஆயிடுது. என்னைக்கு வர்றீங்க?"

"பார்த்துட்டுச் சொல்றேண்ணே" என்று ஆழம் மென்று விழுங்கினான்.

காரணம் இருந்தது. டெய்லர் நிலத்துக்கும் அடுத்த நிலத்துக்கும் நடுவில் ஒரு முள்கம்பி வேலிதான். அந்த அடுத்த நிலம் அவனுடைய அக்காவுடையது. அங்கே எலுமிச்சைத் தோப்பு. லாரி வாங்கிய புதிதில் முதல் துளையை அவன் அங்கேதான் போட்டான். "கத்துக்கிறதா இருந்தா என் நிலத்துல கத்துக்கோ. தப்பானா என்னோட போகட்டும்" என்று சொல்லி இடத்தைக் காட்டியவள் அக்கா. அந்தத் துளையில் தண்ணீர் வந்தது. இன்றுவரைக்கும் ஏதோ வந்துகொண்டிருந்தது.

போனை வைத்துவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனான். அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய தண்ணீர் கீழே ஒரு வாளியில் விழுந்தது. அந்த வாளி நிரம்பினால் வாசல் ஓரத்துச் செடிக்குப் போகும். துணி அலசிய தண்ணீர் இன்னொரு வாளியில் கழிப்பறைக்காகக் காத்திருந்தது.

"என்னடா, காலையிலேயே? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

சொன்னான். அக்கா தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"முடியாதுன்னு சொல்லிட்டியா?"

"நான் போடலைன்னா வேற ஒருத்தன் வந்து போட்டுட்டுப் போவான்க்கா."

"போடட்டும். வேற ஒருத்தன் போட்டா என் தலையெழுத்துன்னு இருந்துடுவேன். நீ போட்டா நான் யாரைப் போய்க் கேக்கிறது?"

மச்சான் தோப்பிலிருந்து வந்தார். அதிகம் பேசாதவர், பேசினால் குத்தலாகத்தான் பேசுவார். விஷயத்தைக் கேட்டதும், "வாங்க மாப்ளே. அக்கா மரத்துக்குக் குழி தோண்டவும் நீங்கதான் வரணுமா?" என்று சொல்லிவிட்டுக் காலைக்கூடக் கழுவாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுத்துவிடுவது என்ற முடிவோடுதான் ஆழம் டெய்லரைப் பார்க்கப் போனான். வீட்டு வாசலில் டெய்லரின் சம்சாரம் மொபெட்டின் இரண்டு பக்கமும் கட்டியிருந்த குடங்களை இறக்கிக்கொண்டிருந்தாள். எங்கேயோ தெரிந்தவர் வீட்டிலிருந்து பிடித்து வந்த தண்ணீர். பாதி வழியில் தளும்பிச் சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. உள்ளே தையல் மெஷினை ஒட்டிப் பாயில் ஒரு கைக்குழந்தை தூங்கியது. புருஷனோடு இருக்க முடியாமல் திரும்பி வந்துவிட்ட மகள், குழந்தைக்கு விசிறிக்கொண்டே இவனைப் பார்த்து, "வாங்கண்ணா" என்று எழுந்து நின்றாள்.

டெய்லர் அவனை நிலத்துக்குக் கூட்டிப்போனார். கத்தரிச் செடிகள் இலை சுருண்டு நின்றன. காய்கள் பிஞ்சிலேயே தோல் சுருங்கிப் பழுத்திருந்தன.

"தைக்கிற வேலைன்னா துணி கம்மியா இருந்தாக்கூட ஒட்டுப்போட்டுச் சமாளிச்சுடுவேன் தம்பி. இதுல என்ன பண்றதுன்னு தெரியல. மூணு பேருக்கும் அந்தக் குழந்தைக்கும் இதுதான்."

ஆழத்துக்கு முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை. நிலத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தான். அக்காவின் வேலியிலிருந்து முடிந்த அளவு தள்ளி, எதிர்மூலையில் ஒரு கல்லை எடுத்து வைத்தான். அவன் கணக்குப்படி பாறையின் சரிவு அங்கே வேறு பக்கம் திரும்புகிறது. அக்காவின் ஊற்றும் இதுவும் வேறுவேறாகத்தான் இருக்க வேண்டும்.

"இந்த இடம்னா போடறேண்ணே. வேற எங்கேயும் மாட்டேன்."

"உங்களுக்குத் தெரியாததா? எங்க வேணா போடுங்க."

அன்று மாலையே அக்காவிடம் போய்ச் சொன்னான். "மூலையில போடறேன்க்கா. உன் தண்ணியைத் தொடாது. நான் சொல்றேன்ல." அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து கிளம்பும்போது மட்டும், "சாப்பிட்டுட்டுப் போ" என்றாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

துளை போட்ட அன்று காலையிலிருந்தே வெயில் சுட்டெரித்தது. லாரியின் கோபுரம் நிமிர்ந்தது. துளைக்குள் காற்றை ஊதும் கம்ப்ரசர் உறுமியது. ராடு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உள்ளே இறங்க, வெள்ளைத் தூசி எழுந்து எல்லோருடைய தலையையும் நரைக்க வைத்தது. டெய்லரின் மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். டெய்லர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகராமல் நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மச்சான் வரவில்லை. தோப்பில் மோட்டாரைப் போட்டு, ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு, மரத்துக்கு மரம் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

மத்தியானம்வரை தூசிதான். ராடு தீர்ந்துகொண்டே வந்தது. டெய்லரின் முகம் தொங்கியது. ஆழம் வழக்கமான வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தான். அன்றைக்கு ஏனோ அது வரவில்லை.

பிறகு தூசியின் நிறம் மாறியது. ஆழம் காலால் மண்ணைத் தள்ளிப் பார்த்தான். ஈரம். அடுத்த சில நிமிஷத்தில் துளையிலிருந்து சேறும் தண்ணீரும் ஆள் உயரத்துக்குப் பீறிட்டன. டெய்லரின் சம்சாரம் வாய்விட்டுக் கத்தினாள். ஒரு வாளியை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, அந்தக் கலங்கல் தண்ணீரை, அது எதற்கும் உதவாது என்று தெரிந்தும், பிடிக்க ஆரம்பித்தாள். டெய்லர் கைக்குட்டையை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். லாரியில் இருந்தவர்கள் விசிலடித்தார்கள். ஆழத்துக்கும் ஒரு நிமிஷம் எல்லாம் மறந்துபோனது. எத்தனை துளை போட்டாலும் தண்ணீர் மேலே வருகிற அந்த ஒரு நிமிஷத்துக்கு அவனுக்கு அலுப்பே வந்ததில்லை.

அந்த நேரத்தில்தான் தோப்புக்குள்ளிருந்து மச்சானின் குரல் கேட்டது.

"நிறுத்து! டேய், நிறுத்துடா!"

ஓஸ் பைப்பை இழுத்துக்கொண்டே வேலிக்கு ஓடி வந்தார். பைப்பின் வாயிலிருந்து தண்ணீர் நின்று, புஸ் புஸ்ஸென்று காற்று வந்தது. காற்றோடு சேறு தெறித்தது. இந்தப் பக்கம் துளையில் பீறிட்ட அதே சாம்பல் நிறச் சேறு. ஆழத்தின் கம்ப்ரசர் ஊதிய காற்று பாறை வெடிப்பு வழியாகப் போய், அக்காவின் போரிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

ஆழம் கம்ப்ரசரை அணைத்தான். காது அடைத்ததுபோல் ஓர் அமைதி. மச்சானின் கையில் பைப் இரண்டு முறை விக்கிவிட்டு அடங்கியது. விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. வேலிக்கு மேலேதான் இரண்டு நிலம், கீழே ஒரே ஊற்று. அவன் போட்ட கணக்கு தப்பு.

"தொடாதுன்னு சொன்னியேடா" என்றாள் அக்கா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மூடு அதை" என்றார் மச்சான். "இப்பவே மூடு. இல்லைன்னா நான் வந்து கல்லைப் போட்டு மூடுவேன்."

டெய்லர் துளைக்கு முன்னால் வந்து நின்றார். வாழ்நாளெல்லாம் வாடிக்கையாளரிடம் பணிவாகப் பேசியே பழகிய மனிதர். அன்றைக்குத் துளையை மறைத்துக் கையை விரித்தார். "என் நிலத்துல வந்த தண்ணிங்க. கண்ணு முன்னாடி வர்ற தண்ணியை மூடச் சொன்னா எப்படிங்க?"

"அது எங்க தண்ணி!"

"அதுல உங்க பேரு எழுதியிருக்கா?"

மச்சான் வேலியைத் தாண்டக் காலைத் தூக்கிவிட்டார். முள்கம்பியில் வேட்டி மாட்டிக்கொண்டது. அக்கா போய் அதை விடுவித்தாள். விடுவித்துவிட்டு அவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவள் கண் டெய்லரின் சம்சாரத்தின் மேல் இருந்தது. அந்த அம்மாள் சேறு நிறைந்த வாளியை இரண்டு கையாலும் இடுப்போடு அணைத்துக்கொண்டு, யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்பதுபோல் நின்றாள்.

"தம்பி" என்றாள் அக்கா. "உள்ளதைச் சொல்லு. ரெண்டு பேரும் எடுத்தா எத்தனை நாளைக்கு வரும்?"

"ரெண்டு மோட்டார் ஓடினா இந்தக் கோடையைத் தாண்டாதுக்கா. ரெண்டுமே காஞ்சிடும்."

"இன்னும் கீழே போனா?" என்று டெய்லர் கேட்டார்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். தெம்பு சொல்லியே பேர் வாங்கியவன். "கீழே ஒண்ணும் இல்லண்ணே" என்றான். "இந்தப் பக்கம் முழுக்க நான் துளைச்சுப் பார்த்தவன். இதுக்குக் கீழே கருங்கல்தான். இருக்கிறது இவ்வளவுதான்."

அன்றைக்கு லாரியைக் கிளப்பவில்லை. துளையின் வாயில் ஒரு மூடியை வைத்துவிட்டு, ஆழம் டயரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். மற்றவர்கள் அவரவர் வழியில் பிரிந்து போனார்கள். வெயில் தாழ்ந்தபோது அக்கா முகம் கழுவி, தலை வாரி, வெளியே கிளம்புகிற சேலையில் வந்து நின்றாள்.

"எழுந்திரு. டெய்லர் வீடுவரைக்கும் போய்ட்டு வரலாம்."

"மச்சான்?"

"அவருக்குச் சொல்லலை. சொன்னா வேணாம்பார். அப்புறம் அவர் பேச்சை மீறிப் போன மாதிரி ஆயிடும். இப்ப சொல்லாமப் போன மாதிரிதானே?"

ஆழத்துக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

இத்தனை வருஷம் அடுத்தடுத்து இருந்தும் அக்கா அந்த வீட்டுக்குள் நுழைந்ததில்லை. டெய்லரின் சம்சாரம் பதறிப்போய், துணிகள் குவிந்திருந்த நாற்காலியைக் காலி செய்து போட்டாள். குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அக்கா டம்ளரை வாங்கி, மொபெட்டில் வந்த அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

"அண்ணே, நான் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாதவ" என்று ஆரம்பித்தாள். "உங்க துளையில மோட்டார் இறக்க வேணாம். எங்க மோட்டார் ஒண்ணே ஓடட்டும். ஒரு நாள் உங்களுக்கு, ஒரு நாள் எங்களுக்கு. வேலிக்கு அடியில ஒரு பைப் போட்டுக்கலாம்."

டெய்லர் நம்பாமல் அவளைப் பார்த்தார். "அந்தத் தண்ணி உங்க தோப்புக்கே பத்தாதேம்மா."

"பத்தாதுதான். பாதி மரத்தை வெட்டிடணும். நீங்களும் பாதி நிலத்துல போட்டாப் போதும்."

பாதி மரம் என்று அவள் சொன்னபோது ஆழம் அவளைத் திரும்பிப் பார்த்தான். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அவள் கையால் வைத்த மரங்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சேலைத் தலைப்பை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

டெய்லர் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். மகள்தான் பேசினாள். "அப்பா, அவங்க குடுக்க வந்திருக்காங்க. யோசிக்கிறது எதுக்கு?" டெய்லர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மத்தியானம் நான் கொஞ்சம் மரியாதை இல்லாம பேசிட்டேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட நானே வந்து சொல்றேன்" என்றார்.

மச்சானிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டீங்க. எந்த மரம்னும் நீங்களே சொல்லிடுங்க" என்றார். அதற்குப்பின் பல நாட்கள் அக்காவோடு தேவைக்கு மேல் பேசவில்லை. ஆழத்தோடு அந்தத் தேவைக்குக்கூடப் பேசவில்லை.

மரங்களை அக்காதான் பிரித்தாள். ஒவ்வொரு மரமாகப் போய்ப் பட்டையைத் தொட்டுப் பார்த்து, வயதானது, நோய் கண்டது, காய்ப்பு குறைந்தது என்று சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டாள். நல்ல மரங்களிலும் சிலவற்றுக்குக் கோடு போட வேண்டியிருந்தது. அந்த இடங்களில் கை சற்று நேரம் நின்று நின்று போனது. அறுக்கிற அன்று அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மச்சானும் ஆழமும் ரம்பத்தின் இரண்டு பக்கமும் பேச்சில்லாமல் உட்கார்ந்து இழுத்தார்கள். நடுவில் வேலியைத் தாண்டி டெய்லர் வந்தார். யாரையும் கேட்காமல் வெட்டிய கிளைகளை எடுத்து ஓரமாக அடுக்க ஆரம்பித்தார். முள் குத்திக் கையெல்லாம் ரத்தம். மச்சான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டெய்லரே, அப்படிப் பிடிக்கக் கூடாது. அடிப்பக்கம் பிடிங்க" என்றார் கடைசியில். "ஊசி பிடிச்ச கைதானே, இதுகூடத் தெரியாதா?"

"ஊசி ஒரு பக்கம்தாங்க குத்தும். இது எல்லாப் பக்கமும் குத்துதே" என்றார் டெய்லர். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதை ஆழம் பார்த்தான்.

ஒரு காரியம் மட்டும் ஆழத்துக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. டெய்லரின் மூலையில் அந்தத் துளை சும்மா மூடிக் கிடந்தது. கம்ப்ரசர் ஊதிய காற்று அங்கிருந்து அக்காவின் போருக்குப் போய்ச் சேர்ந்ததே, மழைத் தண்ணீரும் அதே வழியில் போகும்தானே? கூலி வாங்கிக்கொள்ளாமல் லாரி ஆட்களோடு வந்து, துளையைச் சுற்றிப் பெரிய பள்ளம் வெட்டினான். அடியில் பெருங்கல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் மணல் என்று நிரப்பினான். இரண்டு நிலத்துத் தண்ணீரும் ஓடி வந்து விழும்படி வாய்க்கால் இழுத்தான். தோப்புப் பக்கத்து வாய்க்காலை மச்சான் வெட்டினார். "வேலை இல்லாம உட்கார்ந்திருக்கிறதுக்கு" என்றார் காரணமாக.

மழை அந்த வருஷமும் தாமதமாகத்தான் வந்தது. வந்தது ஒரு சாயங்காலம், காற்றோடு, சடசடவென்று. இரண்டு வீட்டிலிருந்தும் எல்லோரும் நனைந்துகொண்டே மூலைக்கு ஓடி வந்தார்கள். வாய்க்காலில் செந்நிறத் தண்ணீர் இலையும் சருகுமாகப் புரண்டு வந்து பள்ளத்தில் விழுந்தது. முதலில் தேங்கி நின்றது. டெய்லர் குனிந்து பார்த்தார். பிறகு நடுவில் மெல்லச் சுழித்து, மணலுக்குள் இறங்க ஆரம்பித்தது. இறங்க இறங்க அடியில் ஒரு கடகடவென்ற சத்தம். டெய்லரின் மகள் குழந்தையின் கையைப் பிடித்து அந்தப் பக்கம் காட்டினாள். மச்சான் ஆழத்தின் தோளில் கையை வைத்து, "எவ்வளவு குடிக்குது பாருங்க மாப்ளே" என்றார். அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்ததிலிருந்து அவர் அவனோடு பேசிய முதல் முழு வாக்கியம் அது. ஆழம் முகத்திலிருந்த மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டான்.

அந்த மழையால் பஞ்சம் தீர்ந்துவிடவில்லை. அடுத்த கோடையிலும் மோட்டார் இருமியது, கொஞ்சம் தாமதமாக. தண்ணீர் முறை விஷயத்தில் சண்டை வராத வாரமே இல்லை. வால்வைத் திருப்ப மச்சான் வேண்டுமென்றே நேரம் கடத்துகிறார் என்று டெய்லரின் மகள் வேலியோரம் நின்று சத்தம் போடுவாள். அவர் காது கேட்காததுபோல் இருப்பார். கடைசியில் அக்கா வந்து திருப்பிவிட்டுப் போவாள். ஆனால் வெட்டாமல் விட்டுவைத்த மரங்கள் பூத்தன. டெய்லரின் பாதி நிலத்தில் கத்தரி காய்த்தது.

ஆழத்துக்கு வேலை குறைந்துவிட்டது. "முன்ன மாதிரி இல்லைங்க அந்த ஆளு, ஆயிரம் கேள்வி கேக்கிறான்" என்று பேச்சு கிளம்பியிருந்தது. ஒரு மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது. யாரோ புது ஆள். உடனே லாரி வேண்டுமாம்.

"வர்றேங்க" என்றான். "உங்க நிலத்துக்குப் பக்கத்துல யாரு போர் வச்சிருக்காங்க? அவரையும் வரச் சொல்லுங்க. ரெண்டு பேரும் எதிர்ல இருந்தாதான் மெஷினை இறக்குவேன்."

அந்தப் பக்கத்தில் இருந்தவர் போனை வைத்துவிட்டார்.

"யாருடா?" என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டாள்.

"பேரு சொல்லலைக்கா. மறுபடி கூப்பிடுவாரு."

கூப்பிடுவாரா என்று அவனுக்குத் தெரியாது. போனைத் தட்டுக்குப் பக்கத்தில், கண்ணில் படுகிறாற்போல் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தான்.